விசேஷத்துக்கு முன்னால்

கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டிவிட்டால் நம் ஊரில் ஒரு பெண்ணிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "என்னம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" அத்தை கேட்பார். எதிர் வீட்டு அக்கா கேட்பார். ஊருக்குப் போனால் கோயில் வாசலில் பூ கட்டுகிற அம்மா கேட்பார். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்தது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாட்டிக்குச் சர்க்கரையில் கால்விரலை எடுத்ததும் தெரியும். ஆனால் "உனக்கு சுகர் பார்த்தியாம்மா?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

என் மனைவியிடமும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. ஒன்று எட்டாவது வாரம், இன்னொன்று ஒன்பதாவது வாரம். அதன்பிறகு ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போகத் தொடங்கினோம். ஒன்றேகால் வருடத்தில் ஃபைல் மூன்று விரல் கனத்துக்கு வளர்ந்தது. தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.ஹெச்., ஃபாலிக்குலர் ஸ்டடி, லேப்பரோஸ்கோப்பி, கடைசியில் ஐ.வி.எஃப். பேக்கேஜின் விலைப்பட்டியல், இ.எம்.ஐ. வசதியோடு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த வாரத்தில்தான் ஒரு காய்ச்சலுக்காக ஊரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனோம். வயசானவர். ஃபைலை வாங்கி நிதானமாகப் புரட்டினார். நடுவில் ஒரு தாளில் விரலை வைத்து, "இதை யாரும் பார்க்கலையாம்மா?" என்றார்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. 126ஐத் தொட்டாலே மறுபடி எடுத்து, சர்க்கரை நோயா என்று உறுதிசெய்ய வேண்டும். லேப்பரோஸ்கோப்பிக்கு முன்னால், மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று பார்க்க எடுத்த பரிசோதனை அது. தாங்குவாள் என்று கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். மறுநாள் ஹெச்பிஏ1சி எடுத்தோம், அதாவது மூன்று மாத சராசரிச் சர்க்கரை. 7.9. அதற்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் லாக் ஃபைலைத் தோண்டுவோம். பல நேரம் அதில் வார்னிங் மாசக்கணக்கா வந்துட்டே இருந்திருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள். மறுநாள் மீட்டிங்கில் வறுத்தெடுப்பார்கள். இங்கே அப்படி ஒரு மீட்டிங் கூட நடக்கவில்லை.

அந்த இரண்டு கருக்களும் சர்க்கரையால்தான் கலைந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அதை நிரூபிக்க வழியில்லை. ஆரம்ப வாரங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறுதான் காரணம், அது யாருக்கும் நடக்கலாம். என் குற்றச்சாட்டு வேறு. ஒரு பெண்ணின் உடம்பில் இன்னொரு உயிர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை நமக்கு ஒரு பொருட்டாகிறது. அதற்கு முன்பும் இல்லை, அந்த உயிர் வெளியே வந்த பிறகும் இல்லை. இதை நாம் தாய்மைப் பராமரிப்பு என்கிறோம். பாத்திரத்தைக் கழுவுவதற்குப் பேர் பராமரிப்பா?

*

கருமுட்டை பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்ததிலிருந்தே தப்பு தொடங்குகிறது. மாதம் ஒரு முட்டை உருவாகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது 3, 4 லட்சம். வாழ்நாளில் சினைப்பையை விட்டு வெளியே வருவது 400 சொச்சம்தான். ஒவ்வொன்றும் தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைப் பிறப்புக்கு முன்பே தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. 30 வயதுப் பெண்ணின் முட்டைக்கு வயது 30க்குச் சற்று மேல். அவள் ரத்தத்தில் ஓடியதெல்லாம் அதையும் தொட்டுத்தான் போயிருக்கும்.

அந்த முட்டை வளர்ந்து வெளியே வருவதற்கு முந்தைய கடைசிக் கட்டம் ஏறத்தாழ மூன்று மாதம். ஹெச்பிஏ1சி சொல்வதும் ஏறத்தாழ அதே மூன்று மாதக் கணக்கைத்தான். இது தற்செயல் பொருத்தம்தான், ஆனால் ரொம்ப உபயோகமான பொருத்தம். இன்றைக்கு எடுக்கிற ஹெச்பிஏ1சி, இந்த மாதம் வெளியே வரப்போகிற முட்டை எந்த ரத்தத்தில் வளர்ந்தது என்பதைக் காட்டிவிடும்.

முட்டைதான் பெண்ணுடலின் மிகப் பெரிய செல். குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். அதற்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். செல்லுக்குச் சக்தி தயாரிப்பவை அவை. அப்பாவின் விந்தணுவோடு வரும் மைட்டோகாண்ட்ரியா அழிக்கப்பட்டுவிடுவதால் பிள்ளைக்குக் கிடைப்பது அம்மாவுடையதுதான். கரு கர்ப்பப்பையில் போய் ஒட்டுகிறவரை புதிதாக எதுவும் பெருகுவதுமில்லை. முட்டை கட்டிக்கொண்டு வந்த சோறுதான் அதுவரைக்கும்.

இவ்வளவு பெரிய செல்லுக்குக் குளுக்கோஸைத் தானே சரியாக எரிக்கத் தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் சின்னச் செல்கள் குளுக்கோஸை எடுத்து, பைருவேட் என்ற பொருளாக மாற்றி, நுண்ணிய வாசல்கள் வழியாக உள்ளே கொடுக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் இந்தச் சின்னச் செல்கள் அடிவாங்குகின்றன. குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதங்கள் குறைகின்றன, முட்டைக்குப் போகும் வாசல்கள் குறைகின்றன, செல்கள் சாகின்றன. சுற்றிலும் சர்க்கரை, முட்டைக்கோ பட்டினி. சக்தி போதாத முட்டையில், நிறுத்தி வைத்த குரோமோசோம் பிரிப்பு மறுபடி தொடங்கும்போது அந்த வேலை பிசகுகிறது. குரோமோசோம்களைப் பிடித்து இழுக்கும் இழைகள் கோணலாகின்றன.

இதையெல்லாம் பெரும்பாலும் சுண்டெலிகளில்தான் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெல்லி மோலி குழுவினர் பல வருடம் இதில் வேலை செய்தார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை என்னைத் தூங்க விடவில்லை. சர்க்கரை நோயுள்ள எலியிடமிருந்து, கருவுற்று ஒரே செல்லாக இருக்கும் நிலையிலேயே கருவை எடுத்து, நோயில்லாத எலியின் வயிற்றில் வைத்தார்கள். கர்ப்பகாலம் முழுக்க அந்தக் கரு ஆரோக்கியமான வயிற்றில்தான் வளர்ந்தது. அப்படியும் வளர்ச்சிக் குறைவும் பிறவிக் குறைபாடுகளும் வந்தன. 2022இல் நேச்சர் இதழில் சீன ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். சர்க்கரை ஏறிய எலியின் முட்டையை, நல்ல எலியின் விந்தணுவோடு சேர்த்து, நல்ல எலியின் வயிற்றில் வளர்த்தும், பிறந்த குட்டிகளின் உடம்பு வளர்ந்த பிறகு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது. முட்டையில் டெட்3 என்ற ஒரு நொதி குறைந்துபோனதுதான் காரணம். மரபணுக்களின் மேலுள்ள ரசாயனக் குறிகளைத் துடைக்கும் நொதி அது.

சுண்டெலி மனுஷி இல்லை. மருந்து கொடுத்துக் கணையத்தைக் கெடுத்து, சர்க்கரையை உச்சத்துக்கு ஏற்றிய எலிகள் அவை. பெண்களிடம் முட்டையின் பங்கு எவ்வளவு, கர்ப்பப்பையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. ஆனால் ஒரு விஷயம் பெண்களிடமே பலமுறை பார்த்து உறுதியானது. கருத்தரிக்கும் சமயத்தில் ஹெச்பிஏ1சி ஏற ஏற, கரு கலைவதற்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் உள்ள அபாயம் ஏறுகிறது. அதனால்தான் பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி, சர்க்கரை நோயுள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே, பிரச்சினையில்லாமல் முடிந்தால், ஹெச்பிஏ1சியை 6.5க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. 10க்கு மேல் இருந்தால், குறைகிற வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடும்படி அழுத்தமாகவே சொல்கிறது. 6.5 வராவிட்டாலும், எவ்வளவு குறைத்தாலும் அவ்வளவு நல்லது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பயப்படாமல் இருக்கத்தான் சொல்கிறேன். இன்சுலின் கண்டுபிடித்த 1921க்கு முன்னால் சர்க்கரை நோயுள்ள பெண் கருத்தரிப்பதே அபூர்வம், பிழைப்பது அதைவிட அபூர்வம். இன்று லட்சக்கணக்கான பெண்கள் நல்லபடியாகப் பெற்றுக்கொள்கிறார்கள். முன்னாலேயே தெரிந்தால் செய்ய வழி இருக்கிறது. அந்த 'முன்னாலேயே'வைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

*

நம் அமைப்பின் காலண்டரை எடுத்துப் பாருங்கள்.

நாள் தள்ளிப்போய், கிட் வாங்கி, இரண்டு கோடு தெரியும்போது கருவுக்கு வயது குறைந்தது இரண்டு வாரம். கருவின் மூளை, தண்டுவடத்துக்கான குழாய் மூடுவது கருத்தரித்த 28ஆவது நாளில். அதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. எட்டு வாரத்தில் முக்கிய உறுப்புகளுக்கான அடித்தளம் முடிந்துவிடும்.

நம் அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. சர்க்கரைப் பரிசோதனை முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எளிய முறைக்கு சென்னை டாக்டர் வி. சேஷய்யா எவ்வளவு பாடுபட்டார் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. பட்டினியாக வா, மூன்று தடவை குத்து என்றெல்லாம் சொன்னால் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண் வர மாட்டாள் என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் முதல் வருகையே பத்தாவது வாரத்தில் என்றால், முட்டை வளர்ந்த மூன்று மாதமும் போயாச்சு, உறுப்புகள் உருவான எட்டு வாரமும் போயாச்சு. கட்டடம் எழும்பிய பிறகு மணலைச் சோதிக்கிறோம்.

சரி, கர்ப்பத்துக்கு முன் யார் சோதிக்கிறார்கள்? தேசியத் திட்டத்தில் சர்க்கரைக்கான மக்கள் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. 23இல் கல்யாணமாகி 25இல் பிள்ளை பெறுகிற பெண் அந்த வலையில் விழவே மாட்டாள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடி பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். இது கிழவர்களின் நோய் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவள் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் குடித்துச் சோதிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. அவளுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. உங்கள் குடும்பத்தில் கர்ப்பத்தில் சுகர் வந்த பெண் ஒருவராவது இருப்பார். அந்த ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். "குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனோம், என்னை யாரும் ஒண்ணும் கேட்கலையே" என்பார். இரண்டாவது பிள்ளைக்கான முட்டை இதே ரத்தத்தில்தான் வளரப்போகிறது.

*

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பதினெட்டு, இருபது வயசில் மாதவிடாய் மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளிப்போகிற பெண்கள். ஸ்கேன் எடுத்து 'நீர்க்கட்டி' என்கிறார்கள். அந்தப் பேரே தப்பு. அவை கட்டிகளே அல்ல, பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப்பைகள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது, முட்டை முதிர்ந்து வெளியே வருவது நின்றுபோகிறது. உலகளவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ். இருப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் வரை கண்டறியப்படாமலே இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. கண்டறிந்ததுமே சர்க்கரை பார்க்க வேண்டும், பிறகும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது 2023இன் சர்வதேச வழிகாட்டி.

நம் வீட்டு வழிகாட்டி என்ன? "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப்போயிடும்." பத்து வருடம் முன்னாடி உடம்பு அடித்த மணி அது. அதைக் கல்யாணத் தரகருக்குத் தெரியாமல் அமுக்கிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு கருத்தரிப்பு மையத்தில் போய் வரிசையில் நிற்கிறோம்.

அங்கே முதலில் நீட்டுவது ஏ.எம்.ஹெச். எண்ணை. 'முட்டை ஸ்டாக் குறையுது' என்று ஒரு வரி போதும், அந்தப் பெண் இரவு முழுக்க அழுவாள். ஏ.எம்.ஹெச். ஏறக்குறைய முட்டைகளின் எண்ணிக்கையைச் சொல்லும். ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். முட்டையின் தரத்தை அது சொல்லாது. கருத்தரிப்பில் சிக்கல் என்று வராத, 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து ஜாமா இதழில் 2017இல் வந்த ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். எண்ணிக்கையைக் காட்டிப் பயமுறுத்த முடிகிற இடத்தில், தரத்தைப் பாதிக்கும் சர்க்கரை ஒன்பதாம் பக்கத்தில் தூங்குகிறது. எல்லா மையங்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பொறுப்பாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் நடந்து, சாப்பாட்டை மாற்றி, மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வதில் யாருக்கும் பேக்கேஜ் கிடையாது.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். ஒரு தோழி என்னிடம் நேராகவே கேட்டாள். "நீ சொல்றதைக் கேட்டு நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவன் ஜாதகத்தோட சேர்த்து ஹெச்பிஏ1சியும் கேட்பான். அதுக்கு நீ பொறுப்பேத்துப்பியா?"

உண்மைதான். இப்போதே டைப் 1 சர்க்கரை உள்ள பெண்கள், ஐந்து வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவர்கள், கல்யாணப் பேச்சு வந்ததும் ஊசியை ஒளித்துவைக்கப் பழக்கப்படுகிறார்கள். புகுந்த வீட்டு பாத்ரூமில் கதவைத் தாழிட்டு ஊசி போட்டுக்கொள்கிற புதுப்பெண்கள் இருக்கிறார்கள். 'பிள்ளைக்கும் வந்துடும்' என்பதுதான் அவர்களை வேண்டாமென்பதற்குச் சொல்லும் காரணம். அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. டைப் 1 உள்ள தாயின் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு, அவள் 25 வயதுக்கு முன் பெற்றால் 25இல் ஒன்று, பிறகு பெற்றால் 100இல் ஒன்று. டைப் 1 உள்ள அப்பாவின் பிள்ளைக்கு 17இல் ஒன்று. இதைச் சொல்லி எந்த மாப்பிள்ளையையாவது வேண்டாமென்றவர் உண்டா?

என் பதில் இதுதான். ரகசியமாக வைத்திருப்பதால்தான் அது ஆயுதமாகிறது. ரத்த வகையைப் போல, 18 வயதானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சாதாரணமாகப் பார்க்கிற ஒன்றாகச் சர்க்கரை ஆகிவிட்டால் அதை வைத்து மிரட்ட முடியாது. ரிப்போர்ட் யார் உடம்போ அவருடையது. மாமியாருக்கோ தரகருக்கோ அதில் பாத்தியதை இல்லை.

ஆணுக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன். விந்தணு உருவாகவும் இரண்டரை மாதம் ஆகிறது. சர்க்கரை நோயுள்ள ஆண்களின் விந்தணுவில் டி.என்.ஏ. சேதம் அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். விறைப்புக் குறைபாடு பற்றி ஊரே கிசுகிசுக்கும், சோதிக்கத்தான் யாரும் போவதில்லை. எங்கள் மூன்று விரல் கனமான ஃபைலில் என் பங்கு ஒரே ஒரு தாள். என் சர்க்கரையையும் யாரும் பார்க்கவில்லை. அந்த டாக்டர்தான் "நீங்களும் கையை நீட்டுங்க தம்பி" என்றார். 6.1. நானும் வாசலில்தான் நிற்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்பது பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. 30 என்ற வயது வரம்பை இறக்க வேண்டும். சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் ஒவ்வொருவரும் இளம்பெண்ணிடம் "அடுத்த வருஷத்துக்குள்ள குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் கருத்தடையைப் பேச வேண்டும், இருக்கிறதென்றால் மாத்திரைகளைத் திருத்த வேண்டும். ஏனென்றால் ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் போடும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது. அதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். ஃபோலிக் ஆசிட் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி பொய் சொல்லும், நம் ஊரில் அது ஏராளம். எனவே குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையும் வேண்டும். கருத்தரிப்பு மையத்தின் ஃபைலில் சர்க்கரை முதல் பக்கத்துக்கு வர வேண்டும். பிரசவமான ஆறாவது வாரம் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அம்மாவின் சோதனைக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். எழுது என்றாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. "இப்ப நமக்குக் குழந்தை இருக்கா இல்லையான்னு எழுதாத. படிச்சுட்டு எல்லாரும் அதைத்தான் தேடுவாங்க." அதனால் எழுதவில்லை. அவளுடைய போன மாத ஹெச்பிஏ1சி 6.2. அதைச் சொல்லிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறாள்.